ஓட்டைகளைப் பார்க்கப் போவோம்

பூசாத செங்கல் சுவரைக் கண்டால் நம் ஊரில் எழும் முதல் கேள்வி, "பாதியிலேயே காசு தீர்ந்துபோச்சா?" திருவனந்தபுரம் போகும்போது அந்தக் கேள்வியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ரயிலடியை விட்டு வெளியே வந்தால் தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, செம்மண் நிறத்தில் உருளையாக நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் இதே நகரில் மறைந்தவர்.

நுழைந்ததும் இடம் பிடிக்க ஓடாதீர்கள். காலுக்குக் கீழே பாருங்கள். மாடிப்படி கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. தரை சரிந்தாலும் மேசை மட்டமாக இருப்பதால் காபி தளும்புவதில்லை. தலைப்பாகைப் பணியாளர் கை நிறையத் தட்டுகளோடு அந்தச் சரிவில் ஏறுவதைப் பார்க்கவே இன்னொரு காபி சொல்லலாம்.

பிறகு சுவருக்கு வாருங்கள். சுவர் நெடுக ஓட்டைகள். இதுதான் ஜாலி. சட்டம், கண்ணாடி, கம்பி என்று எந்தச் செலவும் இல்லாத ஜன்னல். காற்று வரும், வெயில் சின்னச் சின்னத் துண்டுகளாக மேசையில் விழும், தெருவில் போகிறவருக்கு உங்கள் தட்டு தெரியாது. (தோசைக்குள் மசாலா சிவப்பாக இருந்தால் பதறாதீர்கள், பீட்ரூட்தான்.)

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் உண்டு. பேக்கர் கட்டிய வீடுகள் பலவற்றின் சுவர் 'எலிப்பொறிக் கட்டு'. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி இரண்டு வரிசையாக வைத்து, நடுவே வெற்றிடம் விடுவார்கள். ஒன்பது அங்குலச் சுவர்தான். ஆனால் செங்கலில் சுமார் கால்பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சின்னக் குடியிருப்புகளைச் சிக்கனமாகக் கட்டிய உத்தி இது. அங்கே குளிருக்கு ஆனது, இங்கே வெக்கைக்கு ஆகிறது.

அடையாளம் காண்பது எளிது. சாதாரணச் சுவரில் செங்கலின் முகம் மூன்று அங்குல உயரம்; இதில் நாலரை. நகரத்துச் சந்துகளில் நடக்கும்போது அப்படி ஒரு சுவர் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். வீட்டுக்காரர் வெளியே வந்தால், பூச்சு வேலை எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.