தற்சார்பில் ‘தன்’ எவர்? கொங்கு நாவல்கள் மூன்றில் பண்ணைய வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

சிக்கனமும் தற்சார்பும் கொண்ட வேளாண்மனை வாழ்வு, அண்மைக் காலத் தமிழ்ச் சூழலில் ஒரு விழுமியமாக முன்வைக்கப்படுகிறது. இவ்விழுமியத்தின் அன்றாட இயக்கத்தைத் தமிழ் நாவல் எவ்வாறு பதிவு செய்துள்ளது என்பதை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000), ‘ஆளண்டாப் பட்சி’ (2012) ஆகிய மூன்று நாவல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பண்ணையத்தின் தன்னிறைவு பங்கற்ற பெண்ணின் உழைப்பு, கூலியற்ற சிறுவனின் உழைப்பு, உரிமையற்ற துணைவனின் உழைப்பு ஆகியவற்றின்மேல் நிற்பதை இந்நாவல்கள் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தற்சார்பு, பண்ணையம், சிக்கனம், கொங்கு நாவல், உழைப்பு, நிலவுரிமை.

முன்னுரை

திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர்ச் சாலையில் அமைந்தது வேங்கிக்கால். 1989இல் தனி மாவட்டம் உருவானது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரிலேயே இயங்குகிறது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், குடியிருப்புகள் பெருகிய நகர்ப்புறமாக மாறியுள்ளது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘கால்’ என்னும் சொல் நீரோடும் வழியையும் குறிக்கும் என்பது, ஏரியையும் வாய்க்காலையும் நம்பிய பழைய வாழ்வை எண்ணச் செய்கிறது.

இத்தகைய நகர்ப்புறங்களிலிருந்துதான் ‘தற்சார்பு வாழ்வு’ குறித்த விருப்பம் இன்று வலுவாக எழுகிறது. சிறிது நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு, சில ஆடு கோழி, வீட்டுக்குத் தேவையான தவசமும் காய்கறியும், குறைந்த செலவு என்று அவ்விருப்பம் ஓர் ஓவியத்தைத் தீட்டிக்கொள்கிறது. கோ. நம்மாழ்வார் (1938–2013) இயற்கை வேளாண்மையை இயக்கமாக்கியதும், கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் அவர் வானகத்தை அமைத்ததும் இவ்விருப்பத்திற்கு அறவலிமை சேர்த்தன. அந்த அறவலிமையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் ஓவியத்தில் ஆள் இல்லை என்பதைச் சுட்டுகிறது. விடியலில் சாணம் அள்ளுபவர், ஆடு மேய்ப்பவர், உலையேற்றுபவர், கிணறு வெட்டுபவர் எவர் என்ற வினாவை அது எழுப்புவதில்லை. இவ்வினாவைத் தமிழ் நாவல் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பி வந்துள்ளது.

ஏரியும் கிணறும்

கொங்கு நாவல்களைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வேங்கிக்கால் போன்ற வடதமிழக ஊர்களில் வேளாண்மை நெடுங்காலம் ஏரியைச் சார்ந்திருந்தது. ஏரிநீர் தனியொருவருடையதன்று. மதகு திறக்கும் நாளும், நீர் பாயும் முறையும், கரையைச் செப்பனிடும் கடமையும் ஊருக்குப் பொதுவானவை. நீர்பாய்ச்சியின் கையை எதிர்பாராமல் எந்த வயலும் விளைந்ததில்லை. இங்கே ஒரு வீடு மட்டும் தன்னிறைவடைதல் என்பது கருத்தளவிலேயே அரிது. ஊர்தான் அலகு.

கொங்கின் மேட்டு நிலத்தில் நிலைமை வேறு. மானாவாரி மேட்டுக்காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமுமே அங்கு வாழ்வின் அடிப்படை. கிணறு குடும்பத்தின் உடைமை. கமலை இறைக்க வீட்டு எருதுகளும் வீட்டு ஆட்களும் போதும். எனவே ஊரைவிட்டு விலகிக் காட்டிலேயே சாளை கட்டி, பட்டி போட்டு, வேலி கட்டி வாழ்வது இயல்பாயிற்று. தனித்த வேளாண்மனை என்னும் இன்றைய கனவுக்குத் தமிழகத்தில் மிக நெருங்கிய மெய்வடிவம் கொங்குப் பண்ணையமே. அப்பண்ணையத்தின் உள்ளிருந்து எழுந்த நாவல்களை அக்கனவின் சோதனைக்களமாகக் கொள்வது பொருந்தும்.

பங்கற்றவளின் உழைப்பு

‘நாகம்மாள்’ தமிழ் வட்டார நாவலின் தொடக்கமாகப் பலராலும் மதிக்கப்படுவது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோருடன் ஒரே குடும்பமாக வாழ்கிறாள். வீட்டில் பஞ்சமில்லை; பெரும் செல்வமும் இல்லை. காடு விளைகிறது, மாடு கறக்கிறது, உழைப்பவர் உண்கின்றனர். தற்சார்பின் இலக்கணத்திற்குப் பொருந்தும் குடும்பம் இது. கதை தொடங்குவது இக்குடும்பத்தின் குறையிலிருந்தன்று. நாகம்மாள் தன் பங்கைக் கேட்கும் இடத்திலிருந்து. கெட்டியப்பன் முதலியோரின் தூண்டுதல் அக்கேள்விக்கு வேகம் கொடுக்கிறது. முடிவு சின்னப்பனின் கொலையில் நிற்கிறது.

நாகம்மாளைப் பேராசைக்காரியாகவோ பிறர் கைப்பாவையாகவோ வாசிக்கும் போக்கு ஒன்று உண்டு. அவ்வாசிப்பு நாவல் வெளிவந்த காலத்தின் சட்டநிலையைக் கருதுவதில்லை. இந்து மகளிர் சொத்துரிமைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டுக் கைம்பெண்ணுக்கு வரம்புக்குட்பட்ட உரிமையை வழங்கியது. ஆயினும் மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வேளாண் நிலத்துக்கு அவ்வுரிமை விரிக்கப்பட்டது 1947இல்தான். ஆக, 1942இல் நாகம்மாள் கேட்கும் பங்கு, கணவன் வழி நியாயம் உடையது. ஆனால் உறுதியான சட்டத்துணை அற்றது. ஊராரின் சொல்லும் முரட்டு ஆண்களின் துணையும் தவிர அவளுக்கு வேறு கருவி இல்லை. அவள் நாடும் துணை தவறானது என்று கூறுவதற்குமுன், சரியான துணை எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும்.

பண்ணையத்தின் சிக்கனம் பிரிக்கப்படாத நிலத்தின் சிக்கனம். ஓர் அடுப்பு, ஒரு கிணறு, ஒரு பட்டி என்றிருக்கும்வரை எல்லாம் போதுமானதாக இருக்கிறது. பங்கு பிரிந்தால் போதாமை தொடங்குகிறது. அப்போதாமையைத் தவிர்க்கும் பொறுப்பு, பங்கு கேட்காமல் உழைக்கும் பெண்ணின்மேல் சுமத்தப்படுகிறது. அவள் வாய் திறவாமையே வீட்டின் தன்னிறைவுக்குக் காப்பீடு. நாகம்மாள் வாய் திறந்ததும் குடும்பம் சிதைகிறது எனில், சிதைவின் காரணம் அவள் சொல் மட்டுமன்று. அக்குடும்பம் கட்டப்பட்ட முறையும் ஆகும்.

பட்டியில் உறங்கும் சிறுவன்

‘கூளமாதாரி’ பண்ணையத்தை வீட்டு வாசலிலிருந்து பார்க்கவில்லை, ஆட்டுப்பட்டியிலிருந்து பார்க்கிறது. குடும்பத்தின் கடனுக்கு ஈடாகக் கவுண்டர் பண்ணையத்தில் விடப்பட்ட சக்கிலியர் சிறுவன் கூளையன். அவன் நாள் சாணம் வாருவதில் தொடங்கி, ஆடு மேய்த்தலில் கழிந்து, பட்டிக் காவலில் முடிகிறது. முதலாளி மகன் செல்வனும் அவனும் வயதால் நெருங்கியவர்கள், விளையாட்டில் கூட்டாளிகள். ஆனால் நட்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இருவரும் அறிவர்.

சிக்கனம் என்னும் சொல்லை இந்நாவல் மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. மீந்த கூழ் வீணாகாமல் ஆளுக்குப் போகிறது. பழந்துணி கிழியும்வரை பயன்படுகிறது. ஒரு கை வேலையும் வீண்போவதில்லை. பண்ணையத்தின் பார்வையில் இது செம்மையான சிக்கனம். கூளையனின் பார்வையில் அதே கூழ் பசி, அதே பழந்துணி குளிர். ஒரே பொருள், உண்பவரின் நிலையைப் பொறுத்துச் சிக்கனமாகவும் வறுமையாகவும் மாறுகிறது. தேர்ந்துகொண்ட எளிமையும் திணிக்கப்பட்ட எளிமையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. விலகிச் செல்லும் உரிமை உள்ளதா என்பதே அவற்றைப் பிரிக்கும் கோடு. கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைக்கும் ஏற்பாடு சட்டத்தின் பார்வையில் குற்றமானது. சிறுவனின் கண்வழி அந்த ஏற்பாட்டின் அன்றாடத்தைக் காட்டுவதால், சட்டத்தின் சொற்கள் தொடாத இடத்தை நாவல் தொடுகிறது.

இந்நாவலைத் துயரப் பதிவாக மட்டும் வாசித்தல் குறைபாடுடையது. மேய்ச்சல் காட்டில் சிறுவர் சிறுமியர் தமக்குள் ஓர் உலகை அமைத்துக்கொள்கின்றனர். பனையும் கொழுக்கட்டைப் புல்லும் கிணறும் அவர்களுக்கு உணவும் விளையாட்டும் அறிவுமாகின்றன. எந்த ஆடு எப்போது தழை தின்னும், எந்தப் பனையில் காய் முற்றியுள்ளது என்பதை முதலாளியைவிட அவர்களே நன்கு அறிவர். தற்சார்பு என்பது நிலத்தைப் பற்றிய நுண்ணறிவு எனில், அவ்வறிவின் உடைமையாளர் கூளையனும் அவன் தோழர்களும். நிலத்தின் உடைமையாளர் வேறொருவர். அறிவும் உடைமையும் பிரிந்து கிடக்கும் இந்நிலையே நாவலின் மையமுரண்.

கூடு கட்டும் பறவை

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892–1960) சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த நிலைபேற்றுப் பொருளியல் குறித்த நூலில், இயற்கையிலிருந்து சில உவமைகளை எடுத்துப் பொருளியலை வகைப்படுத்தினார். தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கு ஒரு வகை. தன் உழைப்பால் கூடு கட்டிப் பயன்பெறும் பறவை அதனினும் உயர்ந்த வகை. கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ அதற்கும் மேல். கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றிலும் மேல். கூடு கட்டும் பறவையின் நிலை குமரப்பாவுக்கு இடைப்படிதான், இறுதிப்படியன்று என்பது கவனிக்கத்தக்கது.

‘ஆளண்டாப் பட்சி’யின் நாயகன் முத்து இந்த இடைப்படியில் நிற்பவன். கூட்டுக்குடும்பப் பாகப்பிரிவினையில் இளையவனான அவனுக்குக் கிடைப்பது சிறுபங்கு. உடன்பிறந்தவரின் வஞ்சமும் மனைவி பெருமாவுக்கு நேர்ந்த அவமதிப்பும் அவனைப் பிறந்த ஊரிலிருந்து பெயர்க்கின்றன. மாட்டுவண்டியில் குப்பனுடன் புறப்பட்டுப் புதுநிலம் தேடி, அதை வாங்கிப் பண்படுத்தி, மீண்டும் ஒரு பண்ணையத்தை அடியிலிருந்து எழுப்புகிறான். ஒரு வேளாண்மனை உருவாகும் முறையைத் தமிழில் இத்துணை நுணுக்கமாகச் சொன்ன நாவல்கள் மிகச் சில. மண் பார்த்தல், நீர் பார்த்தல், அண்டை அயலாரை அறிதல், தங்கக் குடிசை அமைத்தல் என ஒவ்வொரு செயலும் அதற்குரிய காலத்தோடு விரிகிறது.

கொங்குக் கதைமரபில் வரும் ஆளண்டாப் பட்சியின் பெயருக்கே மனிதரை அண்டவிடாத பறவை என்பது பொருள். முத்துவின் ஆசையும் அதுவே: எவரும் நெருங்கித் தீங்கு செய்ய முடியாத ஓரிடம். ஆனால் எவரையும் அண்டாமல் அவனால் அவ்விடத்தை அமைக்க இயலவில்லை. வெளியேற வேண்டும் என்னும் உறுதி பெருமாவுடையது. வழியறிவும் கையுழைப்பும் குப்பனுடையவை. ஒடுக்கப்பட்ட சாதியினனான குப்பன் பயணம் முழுதும் முத்துவுக்குத் தோழனாகவும் ஆசானாகவும் விளங்குகிறான். பயணத்தில் இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு குறைகிறது, அழிவதில்லை. புதிய பண்ணையம் எழும்போது பட்டா எவர் பெயரில் அமையும் என்பதில் ஐயம் எழுவதேயில்லை. தான் பெற்ற அநீதியிலிருந்து விடுபட்டு முத்து எழுப்பும் புதிய வீடும் பழைய உழைப்புப் பிரிவினையையே அடித்தளமாகக் கொள்கிறது. நாவலின் அறத்துயரம் இங்கே உள்ளது; முத்து நல்லவனாக இருப்பதால் அது மேலும் கூர்மையடைகிறது.

மறுப்பும் விடையும்

இம்மூன்று நாவல்களும் சாதியும் ஆணாதிக்கமும் இறுகியிருந்த காலத்தைச் சித்திரிப்பவை. இன்று விரும்பித் தற்சார்பை ஏற்போர் அவற்றை ஏற்போர் அல்லர். எனவே ஒப்பீடு பொருந்தாது என்று மறுக்கலாம். நோக்கத்தில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆயினும் நிலம் கேட்கும் உழைப்பின் அளவு நோக்கத்தால் குறைவதில்லை. இரண்டு மாட்டுக்கும் ஒரு கிணற்றுக்கும் வேண்டிய கைகள் அன்றும் இன்றும் ஒன்றே. பொறி சிலவற்றைக் குறைத்துள்ளது. பொறி வாங்கப் பணம் வெளியிலிருந்து வருகிறது. ஓய்வூதியமோ நகரச் சேமிப்போ மனை விற்ற தொகையோ தாங்கும் பண்ணை, செலவில் எளியதாக இருக்கலாம், சார்பற்றது ஆகாது. நாள்கூலிக்கு வந்துபோகும் பெண்கள் அப்பண்ணையின் கணக்கேட்டில் செலவாக மட்டும் இடம்பெறுவார்கள் எனில், நாகம்மாளின் வினா இன்னும் விடையின்றியே நிற்கிறது.

நாவல் வரலாற்றுச் சான்றாகாது என்பது மற்றொரு மறுப்பு. உண்மையே, இங்கு அவை புள்ளிவிவரமாகக் கையாளப்படவில்லை. ஒரு கருத்தாக்கம் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை வெளிப்படுத்தும் ஆற்றல் புனைவுக்கு உண்டு என்பதே இவ்வாசிப்பின் அடிப்படை.

முடிவுரை

‘தற்சார்பு’ என்பது தன் + சார்பு எனப் பிரியும். ‘தன்’ ஒருமை. நிலவுடைமையாளராகிய குடும்பத்தலைவனே அவ்வொருமையாகப் பெரிதும் கருதப்பட்டுள்ளான். நாகம்மாளும் கூளையனும் குப்பனும் அந்தத் ‘தன்’னுக்குள் அடங்காமல், அதைத் தாங்குபவராக மட்டும் நிற்கின்றனர் என்பதை மூன்று நாவல்களும் காட்டுகின்றன. குமரப்பாவின் தேனீயும் வேங்கிக்கால் ஏரியின் பழைய பாசனமும் நினைவூட்டுவது ‘தம்’ என்னும் பன்மையை. ஏரி ஊரிலும் சமத்துவம் நிலவவில்லை. அங்கும் பாயும் நீரில் சாதி இருந்தது. எனினும் தன் வாழ்வு பிறர் கையில் உள்ளது என்பதை மறக்க அவ்வமைப்பு இடம் தரவில்லை.

எனவே, வேளாண்மனை வாழ்வைப் பேசும் இலக்கியங்களை அணுகும் ஆய்வாளர், அவை நிலத்தையும் பயிரையும் எவ்வளவு அழகுறச் சொல்கின்றன என்பதோடு நில்லாமல், உழைப்பவர் பெயர் பிரதியில் எங்கே வருகிறது, பட்டாவில் எங்கே வருகிறது என்னும் இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே ஒரு பண்ணையத்தின் தற்சார்பை அளக்கும் கோல்.