அச்சேறிய பின் அழிக்க முடியாது

1970 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு இறுதிச் சடங்கு நடந்தது. கோடன்ஷா பதிப்பகத்தின் அரங்கில் ஏறத்தாழ 700 பேர் கூடினார்கள். கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷூஜி முன்னின்று நடத்தினார். இறந்தவர் பெயர் ரிக்கிஇஷி தோரு, குத்துச்சண்டை வீரர். அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. ‘வீக்லி ஷோனென் மேகஸின்’ இதழில் வாராவாரம் வந்துகொண்டிருந்த ‘அஷிதா நோ ஜோ’ மாங்காவில் நாயகன் ஜோவுக்கு எதிராளி அவர். படக்கதைப் பாத்திரம் ஒன்றுக்காகப் பெரியவர்களும் கறுப்புடை அணிந்து வந்து நின்றார்கள்.

அந்தச் சாவு எப்படி வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ஓவியர் சிபா தெட்சுயா முதலில் ரிக்கிஇஷியை வரைந்தபோது ஜோவைவிட மிக உயரமாக வரைந்துவிட்டார். இருவரும் பிற்பாடு தொழில்முறை வளையத்தில் ஒரே எடைப் பிரிவில் மோத வேண்டிவரும் என்ற கணக்கு அந்தப் படத்தில் இல்லை. ஆனால் இதழ் அச்சாகிப் பையன்கள் கைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் ஆளைக் குள்ளமாக்கிக் காட்ட முடியாது. கதாசிரியர் கஜிவாரா இக்கி வேறு வழி கண்டார்: ரிக்கிஇஷி ஜோவுடன் மோத வேண்டுமென்றால் தன் உடம்பை வதைத்து எடையைக் குறைத்தாக வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தின் தண்ணீர்க் குழாய்களெல்லாம் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. நடு இரவில் தாகம் தாங்காமல் குழாய் குழாயாகத் தடவித் திரிகிறார். யோகோ என்ற பெண் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் தரையில் ஊற்றுகிறார். பிறகு வளையத்தில் ஜோவை வீழ்த்துகிறார், கை கொடுக்க வருகிறார், சரிந்து விழுகிறார்.

நிதானமாக உட்கார்ந்து முழுக் கதையையும் திட்டமிட்டு எழுதியவர் இரண்டு பேரையும் ஒரே உயரத்தில் படைத்திருப்பார். சண்டை நடந்திருக்கும், ரிக்கிஇஷி பிழைத்திருப்பார், யாரும் கறுப்புடை அணிந்திருக்க மாட்டார்கள்.

அனிமே, மாங்கா ரசிகர்களிடம் சிறந்த கதை எது என்று கேட்டால் பிரம்மாண்டமான உலகம், தத்துவ ஆழம், எதிர்பாராத திருப்பம் என்று அடுக்குவார்கள். இவையெல்லாம் சுமாரான கதைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். என் கணிப்பில் உயர்ந்த மாங்காக்களின் பெருமை இன்னோர் இடத்தில் இருக்கிறது. தான் ஏற்கெனவே அச்சிட்டுவிட்டதற்குக் கதாசிரியர் எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறார் என்பதுதான் அது. வாரத் தொடர் என்ற முறை அந்தப் பொறுப்பைக் கட்டாயமாக்குகிறது. அதே முறைதான் அதிலிருந்து நழுவவும் ஆசை காட்டுகிறது.

முறையைக் கொஞ்சம் பார்க்கலாம். ஷுஎய்ஷா பதிப்பகத்தின் ‘ஷோனென் ஜம்ப்’ 1968இல் தொடங்கியது. ஓர் இதழில் ஏறத்தாழ இருபது தொடர்கள், தொடருக்கு வாரம் 19 பக்கம் போல. இதழோடு ஓர் அஞ்சலட்டை வரும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். வாக்குக் குறைந்தால் தொடர் இதழின் பின்பக்கங்களுக்குத் தள்ளப்படும், அப்புறம் நிறுத்தப்படும். பத்து, பதினைந்து வாரத்தில் காணாமல் போன தொடர்கள் ஏராளம். இந்தக் கெடுபிடி எழுதுகிறவருக்குச் சில நல்ல பழக்கங்களைக் கொடுத்துவிடுகிறது. முதல் பத்துப் பக்கத்துக்குள் நாயகனுக்கு என்ன வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். எதிராளியின் முகம் ஒரே பார்வையில் நினைவில் நிற்க வேண்டும். பத்து வயதுப் பையன் ரயிலில் நின்றபடி புரட்டினாலும் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் கண் போக வேண்டும் என்பதில் குழப்பம் வரக் கூடாது. இவ்வளவு தெளிவாகக் காட்சி சொல்லும் படக்கதைகள் மற்ற நாடுகளில் குறைவு.

தோரியாமா அகிராவின் ‘டிராகன் பால்’ (1984–1995) இதற்கு முதல் உதாரணம். அவர் முன்கூட்டித் திட்டமிடாதவர், அதை மறைத்ததும் இல்லை. நாயகன் கோகு ‘சூப்பர் சயான்’ என்ற வலிமை கூடிய வடிவத்துக்கு மாறும்போது தலைமுடி பொன்னிறமாகிறதே, அதன் பின்னாலிருந்த காரணம் மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு கட்டத்திலும் கோகுவின் கறுப்பு முடிக்கு மை தீட்ட உதவியாளருக்கு ஏகப்பட்ட நேரம் பிடித்தது. முடியைத் தீட்டாமல் வெள்ளையாக விட்டால் அந்த வேலை மிச்சம். அனிமேயில் அந்த வெள்ளை பொன்னாயிற்று. பின்னால் செல் என்ற வில்லன் வந்ததும் இப்படித்தான். தோரியாமா முதலில் இரண்டு எந்திர மனிதர்களை வில்லன்களாக வைத்தார். பழைய எடிட்டர் தோரிஷிமா கசுஹிகோ ஒரு கிழவரும் ஒரு குண்டரும்தானா வில்லன்கள் என்று அலுத்துக்கொண்டார். சரியென்று இரண்டு இளவட்டங்களைக் கொண்டுவந்தால், இதுகள் சின்னப் பிள்ளைகள் என்று மறுபடியும் குறை. அப்புறம்தான் செல். ஆனால் படிக்கும்போது இந்த ஒட்டுப்போடும் வேலை தெரியவே தெரியாது. முந்தைய வில்லன்களை விழுங்கி வளரும் ஓர் உயிராகச் செல்லை அமைத்து, தள்ளுபடியான பாத்திரங்களையே கதைக்குத் தீனியாக்கிவிட்டார் தோரியாமா.

இந்த முறை கெடுக்கும் இடமும் இதே கதையில் இருக்கிறது. வாராவாரம் வாக்குக் கேட்கும் தொடருக்குத் தெரிந்த நிச்சயமான வழி, முந்தையவனைவிடப் பலசாலியான எதிரி. ‘டிராகன் பால்’ இதற்கு எண்ணே கொடுத்தது. துப்பாக்கி ஏந்திய விவசாயி ஒருவரின் பலம் 5 என்று கருவி காட்டுகிறது. சில ஆண்டுகளுக்குள் ஃப்ரீஸா என்ற வில்லன் தன் பலம் 5,30,000 என்கிறான். அதற்குப் பிறகு எண்ணுக்கு அர்த்தமில்லை என்று தோரியாமாவுக்கே தெரிந்திருக்க வேண்டும், மெல்ல அதைக் கைவிட்டார். ஆனால் ஏறுமுகம் நிற்கவில்லை. சாவுக்கு மதிப்புப் போனது அதைவிடப் பெரிய இழப்பு. ஏழு பந்துகளைச் சேர்த்தால் செத்தவர் எழுந்து வருவார் என்ற விதி, தொடக்கத்தில் விளையாட்டுத்தனமான தேடலுக்குப் பொருத்தமாக இருந்தது. பிற்பகுதியில் ஒவ்வொரு சாவின்போதும் வாசகர் மனசுக்குள் பந்துகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். தொடருக்கு வசதியான விதி, கதைக்குப் பகையாகிவிட்டது.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பது சுலபம். 1994 இறுதியில் ஜம்ப் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி விற்றது. 1995இல் ‘டிராகன் பால்’ முடிந்தது, 1996இல் ‘ஸ்லாம் டங்க்’ முடிந்தது. 1997இல் போட்டி இதழான ‘மேகஸின்’ ஜம்பை முந்திவிட்டது. இரண்டு தொடர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பதிப்பகமும் பொன்முட்டையிடும் வாத்தைத் தானாகக் கூண்டைத் திறந்து வெளியே விடாது.

அதனால்தான் இனோஉஎ தகேஹிகோ ‘ஸ்லாம் டங்க்’கை முடித்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். கூடைப்பந்துப் பள்ளி அணி ஒன்றின் கதை, 31 தொகுதி. கடைசி ஆட்டம் நாட்டின் தலைசிறந்த அணியான சன்னோவுடன். கடைசி விநாடிகள் நெருங்க நெருங்கப் பேச்சு பலூன்கள் குறைந்து இல்லாமலே போகின்றன. வருணனையாளர் இல்லை, கூட்டத்தின் கூச்சலைக் குறிக்கும் ஒலி எழுத்துகள்கூட இல்லை. ஓடும் கால்களும் பந்தும் மட்டும். யாருக்கும் பந்து கொடுக்காத ருகாவா, ஜென்மப் பகையாகப் பாவிக்கும் சகுராகிக்குக் கொடுக்கிறான். தற்பெருமையே உருவான சகுராகி, பயிற்சியில் படித்த அடிப்படைப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு எறிகிறான். 79–78. பிறகு இரண்டு பேரும் ஓங்கி உள்ளங்கையில் அறைந்துகொள்ளும் ஓர் இருபக்கப் படம். வாரம் 19 பக்கத்துக்குக் காசு கொடுக்கும் வாசகருக்குச் சொல்லே இல்லாத பக்கங்களைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். அந்த மௌனம் புரிவதற்கான எல்லாவற்றையும் ஆறு வருடம் வாராவாரம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம் என்ற நம்பிக்கையும் வேண்டும். ஒரே மூச்சில் வெளிவரும் நூலுக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

அடுத்தது இன்னும் துணிச்சல். அந்த வெற்றிக்குப் பின் அதே அணி அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி அடைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இனோஉஎ கதையை முடித்துக்கொண்டார். கோப்பை எங்கே என்று வாசகர்கள் தவித்தார்கள். வாரத் தொடர் படித்து வளர்ந்த நமக்கு இந்தத் தவிப்பு புதிதில்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோது யார் யார் என்ன ஆனார்கள் என்று ஒரு முடிவுரையில் தனியாகப் பதில் சொல்லவேண்டி வந்தது. இனோஉஎ அவ்வளவு விரிவாகப் பதில் சொல்லவில்லை, நல்லவேளை.

‘டெத் நோட்’ இதற்கு எதிர்ப்பக்கம். ஓபா சுகுமி எழுதி ஒபாதா தகேஷி வரைந்தது, 108 அத்தியாயம். துப்பறிவாளன் எல் பாதி வழியில், 58ஆம் அத்தியாயத்தில் சாகிறான். நாயகன் லைட்டுக்கும் எல்லுக்கும் நடந்த அந்த மூளைச் சண்டைதான் கதையே. அதன் பிறகு எல்லின் வேலையை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்து வண்டி ஓடுகிறது. ஓடும் வண்டியில் சாமர்த்தியம் இருக்கிறது, உயிர் இல்லை.

மாத இதழில் வந்த கதைகளைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துலங்கும். அரகாவா ஹிரோமுவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2001 முதல் 2010 வரை ‘ஷோனென் கங்கன்’ மாத இதழில் வந்தது, 27 தொகுதி. அரகாவா ஹொக்கைடோவின் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து ஓவியராகும் முன் ஏழு வருடம் பண்ணை வேலை பார்த்தவர். உழைக்காமல் எதுவும் வராது என்ற அந்த வீட்டுச் சட்டம் கதையின் இரசவாத விதியாகவே ஆகிவிட்டது: ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும். இறந்த தாயை எழுப்பப் பார்த்த அண்ணன் காலையும் கையையும் இழக்கிறான், தம்பி உடம்பையே இழக்கிறான். அப்புறம் ஹ்யூஸ் என்ற இராணுவ அதிகாரி சாகும்போது வாசகர் எந்தப் பந்தையும் எண்ண முடியாது. தொலைபேசிக் கூண்டுக்குள் நிற்கும் ஹ்யூஸ் தன்னைக் கொல்ல வந்தவன் வேஷம் போட்டவன் என்று கண்டுபிடிக்கிறார், அவன் போட்ட முகத்தில் ஒரு மச்சம் விட்டுப்போயிருக்கிறது. உடனே அவன் ஹ்யூஸின் மனைவியாக முகத்தை மாற்றிக்கொள்கிறான். ஹ்யூஸின் கை ஒரு கணம் தயங்குகிறது. மறுமுனையில் நண்பன் மஸ்டாங் ரிசீவரை எடுத்துக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. இந்த ஒரு சாவுக்கான கணக்கு பல வருடம் கழித்து, பழிவாங்கலின் விளிம்பில் நிற்கும் மஸ்டாங்கின் முதுகுக்குப் பின்னால் அவனுடைய துணை அதிகாரி ஹாக்ஐ துப்பாக்கியை நீட்டும்போதுதான் தீர்கிறது. இசயாமா ஹாஜிமேயின் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதல் அத்தியாயத்தில் பேசிய நிலவறையை ஏழு வருடம் கழித்துத் திறந்தது. அதுவும் மாத இதழ்தான்.

அப்படியானால் மாத இதழ்தான் சரி, வார இதழ் தப்பு என்று தீர்த்துவிடலாமா? தொகாஷி யோஷிஹிரோ குறுக்கே நிற்கிறார். ‘ஹன்டர் × ஹன்டர்’ 1998இல் ஜம்பில் தொடங்கிய அசல் வாரத் தொடர். அதன் கிமேரா எறும்புப் பகுதி, ஷோனென் (சிறுவர்) மாங்காவின் அரிச்சுவடியையே கவிழ்த்துப் போடுகிறது. பிறவியிலேயே வெல்ல முடியாத அரசன் மெருஎம், மூக்குச்சளி ஒழுகும் பார்வையற்ற பெண் கொமுகியிடம் குங்கி என்ற பலகை ஆட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்கிறான். கடைசியில் அவன் பார்வை மங்க, கட்டங்கள் கறுத்துப்போய் இருட்டில் இரண்டு குரல்கள் மட்டும் ஆட்டத்தைத் தொடர்கின்றன. மேலும் மேலும் பலசாலியான எதிரி என்ற ஜம்ப் சூத்திரத்தை அதன் உச்சிவரை கொண்டுபோய், அங்கே சண்டையே இல்லாமல் ஆக்கியவர் தொகாஷி. அந்தச் சூத்திரம் வாரம் தவறாமல் மண்டையில் ஏறாதவர் அதை இப்படி உடைத்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பகுதி வந்துகொண்டிருந்தபோது சில அத்தியாயங்கள் பென்சில் கிறுக்கலாகவே அச்சாயின, தொகுதியில் மறுபடி வரைந்து சேர்த்தார். இடுப்புவலியால் நாற்காலியில் உட்கார முடியாத நிலை, ஆண்டுக்கணக்கான இடைவெளிகள். 2018இலிருந்து 2022 வரை ஏறத்தாழ நான்கு வருடம் ஒரு பக்கமும் வரவில்லை. 2022 கடைசியில், இனி இந்தத் தொடர் வாராவாரம் வராது என்று ஷுஎய்ஷாவே அறிவித்தது. ‘பெர்செர்க்’ எழுதிய மியுரா கென்தாரோ 2021இல் 54 வயதில் பெருந்தமனி கிழிந்து இறந்தார். சாவுக்குத் தொழில்தான் காரணம் என்று நான் மருத்துவத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் கலைஞர்கள் தூக்கம் தொலைப்பதைத் தியாகம் என்று ரசிகர்கள் மெச்சிக்கொள்வது எரிச்சலூட்டுகிறது.

அனிமே இந்த முறையின் நோயை முதலில் அப்படியே தொற்றிக்கொண்டது. மாங்கா வாரம் 19 பக்கம் நகர, தொலைக்காட்சி அதைத் தாண்டிவிடாமல் ஊர வேண்டும். ‘டிராகன் பால்’ அனிமேயில் நாமெக் கிரகம் ஐந்தே நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீஸா சொன்ன பின் ஏறக்குறைய பத்து எபிசோட் ஓடியது. முதல் ‘நருட்டோ’ தொடரின் 220 எபிசோடில் கடைசி 80க்கு மேல் பெரும்பாலும் மாங்காவில் இல்லாத இட்டு நிரப்பல். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டுக்கு 2003இல் வந்த அனிமே, மாங்கா அப்போது பாதி வழியில்தான் இருந்ததால் தன் வழியே போய் 51 எபிசோடில் வேறொரு முடிவைக் கண்டது. 2009இல் மறுபடி எடுத்த ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடில் மாங்காவோடு ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்தது. ரசிகர்களுக்கு இரண்டாவதுதான் வேதம். கதையின் கட்டுக்கோப்பில் அது உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன், துக்கத்தைக் கையாள்வதில் முதலாவது சில இடங்களில் இன்னும் முதிர்ச்சியானது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. கோதோகே கோயோஹாருவின் ‘டீமன் ஸ்லேயர்’ 2020இல், விற்பனையின் உச்சத்தில், 205 அத்தியாயத்தில் ஜம்பிலேயே முடிய முடிந்தது. கதை எளியது, நேரானது. அதை உயர்த்தியது யூஃபோடேபிள் நிறுவனத்தின் அனிமே, அதற்கு உதவியது மாங்காவை வாராவாரம் துரத்தாமல் பருவம் பருவமாக எடுத்ததால் கிடைத்த நிதானம். 2025இல் ‘இன்ஃபினிட்டி காஸில்’ தமிழ் பேசியபடி நம் திரையரங்குகளுக்கு வந்தபோது, அதன் சண்டைகளுக்கு நடுவே வந்த நீண்ட பழங்கதைகளில் சிலர் பொறுமையிழந்தார்கள். வில்லன் சாகும் நேரத்தில் அவன் மனிதனாக இருந்த நாளைக் காட்டுவது 19 பக்க வாரத்துக்கென்று அளவெடுத்த உத்தி. ஓர் இதழில் அது கச்சிதம், இரண்டரை மணி நேரத் திரையில் மூச்சு வாங்குகிறது.

சுமை குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. ‘ஜுஜுட்சு கைசென்’ இரண்டாம் பருவம் 2023இல் ஒளிபரப்பானபோது, கண்ணைப் பறிக்கும் ஷிபுயா சண்டைகளை வரைந்த அனிமேட்டர்களே வேலை அட்டவணை தாங்க முடியவில்லை என்று சமூக ஊடகத்தில் எழுதினார்கள். வாரக் கெடு மாங்காக்காரரின் மேசையிலிருந்து எழுந்து ஸ்டுடியோவின் மேசைகளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோரின் பெயர் கடைசியில் வேகமாக ஓடும் பட்டியலில் மட்டும்தான் வருகிறது.