ஆங்கில விசையில் அம்ஹாரிக்

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிக்கு ‘ஃபிதல்’ என்று சொந்த எழுத்து உண்டு. அடிப்படை எழுத்து 33, ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம், ஆக 231; அதற்கு மேலும் சில. இத்தனைக்கும் கைபேசித் திரையில் இடம் ஏது? ஆகவே இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஆங்கிலப் பலகையில் ஒலிப்படி அடித்தால் ஃபிதலாக மாறுவது ஒன்று. ஃபிதலின் அடிப்படை எழுத்துகளையே பரப்பிவைத்து, ஒன்றைத் தொட்டதும் அதன் ஏழு வடிவங்களைக் காட்டுவது இன்னொன்று.

ஒலிவழிதான் வேகம் என்பார்கள். ‘செலாம்’ என்ற வணக்கத்தை அடித்துப் பாருங்கள். எஸ், இ, எல், ஏ, எம்: ஐந்து தொடுதல். ஃபிதல் பலகையில் முதல் வடிவம் ஒரே தொடுதலில் விழும், மற்ற இரண்டு எழுத்துக்கும் இரண்டிரண்டு, அங்கும் ஐந்துதான். ஒலிவழியின் மெய்யான லாபம் ஆறாம் வடிவத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நம் புள்ளி வைத்த மெய்போல ஒலிக்கும் அது அம்ஹாரிக்கில் அடிக்கடி வரும். மெய் விசையைத் தட்டினாலே போதும்.

இடறுவது ஷிஃப்டில். குரல்வளையை அடைத்து வெடிப்பாகச் சொல்லும் ஒரு ‘த’ அம்ஹாரிக்கில் உண்டு. ‘மெத்தா’ என்பதில் சாதாரண ‘த’ வந்தால் ‘அடித்தான்’. வெடிப்பு ‘த’ வந்தால் ‘வந்தான்’. ஃபிதலில் இரண்டும் வேறு எழுத்து. ஒலிவழிப் பலகைகள் பலவற்றில் சிறிய டி, பெரிய டி என்பதே வேறுபாடு. கணினியில் ஷிஃப்டை மற்றக் கை பார்த்துக்கொள்ளும். கைபேசியில் அதே கட்டைவிரல்தான் அதையும் தேட வேண்டும். அது தவறினால் வீட்டுக்கு வந்தவன் அடித்தவன் ஆகிவிடுகிறான். அலுத்துப்போய் டெலிகிராமில் ஆங்கில எழுத்திலேயே எழுதுபவர்களும் உண்டு. அங்கே இரண்டு ‘மெத்தா’வும் ஒன்றுதான். ஃபிதலும் குறையற்றதல்ல: மெய் இரட்டிப்பதை அது காட்டாது. ‘அலெ’ (சொன்னான்), ‘அல்லெ’ (இருக்கிறான்) இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

எழுத்துக் குழப்பம் முழுவதையும் பலகையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ‘ஹா’ என்று ஒலிக்க ஃபிதலில் ஆறு எழுத்து, ‘த்ஸெ’ என்று ஒலிக்க இரண்டு. சூரியனைக் குறிக்கும் ‘த்ஸெஹாய்’ சொல்லைப் பன்னிரண்டு விதமாக எழுதலாம். இந்தத் தளர்வு கைபேசிக்கு முன்பே இருந்தது. ஆனால் ஷிஃப்ட் கேட்காத எழுத்தின் பக்கம் விரல் சாய்வதால் பலகையும் இதில் ஒரு தரப்பாகிறது. தேடுபவர் வேறு எழுத்தில் தேடினால், இந்த மாற்றெழுத்துகளைக் கணக்கில் எடுக்காத தேடுபொறியில் அந்தச் சொல் உள்ள இணையப் பக்கம் அகப்படாது.

1999-இல் யூனிகோடு 3.0-இல் ஃபிதல் ஏறியபோது ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு கிடைத்தது. தமிழில் பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்போ காலோ மட்டும் போகும். அங்கே முழு எழுத்தும் போய்விடும். குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் 160 எழுத்து இடம் ஃபிதலுக்கு 70-ஆகக் குறையும். ஆனால் ஐந்து எழுத்துச் ‘செலாம்’ ஃபிதலில் மூன்றே எழுத்து என்பதால் அந்த நட்டம் பார்வைக்குத் தெரியும் அளவு பெரிதல்ல.

சொந்த எழுத்தை எழுத ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஒலிவழியின் பெரிய குறை. வரிசைக்கு ஏழாக ஃபிதல் அட்டையைப் பார்த்துப் படித்தவருக்கு ஃபிதல் பலகை அந்நியமில்லை. வெடிப்பு ‘த’வுக்கும் அதில் தனி விசை உண்டு. 33 விசைகள் சிறிய திரையில் நெருக்கியடிக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒற்றைத் தொடுதலை முதல் வடிவத்திடமிருந்து எடுத்து ஆறாம் வடிவத்துக்குக் கொடுத்தால், ஒலிவழியிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு லாபமும் இதற்கு வந்துவிடும்.