வாய் திறக்காமல் ஒரு சண்டை

கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து மொம்பாசாவிலும் சான்சிபாரிலும் பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்ட வாய் திறக்க வேண்டியதில்லை. பொருத்தமான காங்காவைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியே ஒரு நடை போய்வந்தால் போதும்.

ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணி அது. ஜோடியாகத்தான் விற்பார்கள், ஒன்று இடுப்புக்கு, மற்றது தோளுக்கோ தலைக்கோ. சுற்றிலும் கரை. நடுப்பகுதிக்கு ‘ம்ஜி’ என்று பெயர். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் ஊர் என்று பொருள். (துணிக்குள் ஓர் ஊரை வைத்தவர்களுக்கு என்ன ரசனை!) ஊருக்குக் கீழே ஒற்றை வரி: பழமொழியோ விடுகதையோ காதலோ, சமயத்தில் அப்பட்டமான குத்தலோ.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த உடை. காங்கா என்றால் கினிக்கோழி; பழைய துணிகளின் புள்ளிகளால் வந்த பெயர் என்பார்கள். இந்திய ஆலைகளிலும் நிறையவே அச்சாகியிருக்கிறது. துணி எங்கே நெய்ததானாலும் பேச்சு சுவாஹிலிதான்.

பிள்ளையை முதுகில் கட்டவும் இதுதான், கல்யாணச் சீருக்கும் இதுதான். ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் தந்திரம். குத்தல் உறைத்தவள் சண்டைக்கு வந்தால், கட்டியிருப்பவள் சாவதானமாகச் சொல்லலாம்: “நிறம் பிடிச்சு வாங்கினேன், அவ்வளவுதான்.”