பிடித்தது வேறு, சிறந்தது வேறு

ஒரு பண்டமோ, ஒரு பாட்டோ, ஒரு நூலோ மனத்துக்குப் பிடித்துப்போனால் அதைத் தம்மளவில் வைத்துக்கொள்ள மனிதரால் முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கவளம் எடுத்துவைத்துப் பார்த்தால்தான் உண்டவருக்கே நிறைவு உண்டாகிறது. இரவில் படித்த நல்ல பாட்டைக் காலையில் எவரிடமேனும் சொல்லாவிட்டால் நெஞ்சு பொறுப்பதில்லை. இலக்கியத் திறனாய்வு என்னும் கலை இந்த இயல்பிலிருந்தே பிறந்தது என்று கூறினும் பிழையாகாது. 'எனக்குப் பிடித்திருந்தது, நீங்களும் படித்துப் பாருங்கள்' என்று ஒருவர் மற்றொருவரிடம் நூலை நீட்டியதுதான் முதல் விமர்சனம்.

ஆனால், 'எனக்குப் பிடித்தது' என்று தொடங்கிய பேச்சு, எந்த இடத்தில் 'இதுவே சிறந்தது' என்று மாறிவிடுகிறது என்பதைப் பேசுவோரும் கவனிப்பதில்லை, கேட்போரும் கவனிப்பதில்லை. குடும்பங்களில் எழும் சிறு மனத்தாங்கல்கள் பலவும், இலக்கிய உலகில் எழும் பெரும் சச்சரவுகள் பலவும் இந்த இடத்தில்தான் முளைவிடுகின்றன. ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதைச் சற்று ஆராய்வோம்.

சஹனில் கற்கும் பாடம்

காயலிலும் கீழக்கரையிலும் திருமண விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். பொதுத்தட்டில் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருப்பதை எடுத்து உண்ண வேண்டும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கம். இது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்னும் சிறுவருக்குக் கற்பித்த ஒழுக்கமாகும்.

இதனோடு சேர்த்து ஓத வேண்டிய இன்னொரு நிகழ்ச்சியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. தையற்காரர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆணமும் வைக்கப்பட்டன. அண்ணலார் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதை உடனிருந்த அனஸ் (ரலி) அவர்கள் கண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்று அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

தமக்கு முன்னால் இருப்பதை உண்க என்னும் கட்டளையும், தட்டின் ஓரமெல்லாம் தேடிய இந்தச் செயலும் ஒன்றோடொன்று முரண்படுமே என்று மாணவர்கள் வினவுவதுண்டு. இமாம் புகாரீ அவர்கள் இதற்குத் தனியே விளக்கம் எழுதவில்லை. பாடத்துக்கு இட்ட தலைப்பிலேயே விடையை வைத்துவிட்டார்கள். உடன் உண்பவரிடத்தில் வெறுப்புத் தென்படாதபோது தட்டின் ஓரங்களில் தேடி எடுப்பது பற்றிய பாடம் என்பது அத்தலைப்பின் கருத்து. ஒருவர் தம் விருப்பத்தைத் தேடிச் செல்லலாம். பக்கத்தில் இருப்பவரின் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இதற்கு மறுபக்கமாக உடும்பு இறைச்சி பற்றிய நிகழ்ச்சி அமைந்திருக்கிறது. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு கொண்டுவந்து வைக்கப்பட்டபோது, அண்ணலார் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்க, விலக்கப்பட்டதன்று, தம் கூட்டத்தார் நாட்டில் இது இல்லாமையால் தம் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தடுக்கவில்லை.

சட்டம் வகுக்கும் தகுதி பெற்ற ஒருவரே தம் நாவின் ஒவ்வாமையைச் சட்டமாக்காமல் விட்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணமும் கூறினார்கள். அது வளர்ந்த மண்ணைப் பற்றிய காரணம், பண்டத்தின் மீது சுமத்திய குற்றமன்று. பிடித்தது என்று காட்டும் முறை சுரைக்காயிலும், பிடிக்கவில்லை என்று விலகும் முறை உடும்பிலும் நமக்குக் கிடைக்கின்றன. திறனாய்வாளனுக்கு இவ்விரண்டும் போதும்.

பனியில் தொகுத்த நூல்

இனி இலக்கியத்துக்கு வருவோம். பிறர் பாடல்களில் தமக்கு உகந்தவற்றைத் தேர்ந்து தொகுத்து உலகுக்கு வழங்கியவர்களில் அபூ தம்மாமுக்கு ஈடாக மற்றொருவரைக் காட்டுவது அரிது. கி.பி. 845 அளவில் மறைந்த இக்கவிஞர், குராஸானிலிருந்து திரும்பும் வழியில் ஹமதான் நகரில் பனி வீழ்ந்து பாதை அடைபட்டுத் தங்க நேர்ந்தது. அங்கே அவரை வரவேற்ற அபுல் வஃபா இப்னு ஸலமாவின் இல்லத்தில் நல்லதொரு நூலகம் இருந்தது. பனி உருகும் வரை அந்நூல்களில் மூழ்கியிருந்து அவர் செய்த தொகுப்புகளில் ஒன்றே 'அல்ஹமாஸா'. வீரம், இரங்கல், நல்லொழுக்கம், விருந்தோம்பல் முதலிய பொருள்களைப் பத்து இயல்களாக வகுத்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடற்பகுதிகளைத் தந்துள்ளார். அரபி மத்ரஸாக்கள் பலவற்றில் பாடமாக ஓதப்பட்டுவந்த நூல் இது.

அவருடைய மாணவராகக் கருதப்படும் புஹ்துரீயும் ஒரு ஹமாஸாவைத் தொகுத்தார். பொருளை மிக நுட்பமாகப் பகுத்து 174 இயல்கள் அமைத்தார். எனினும் அது பரவவில்லை. ஒரேயொரு ஏட்டுப் பிரதி வழியாகவே நம் காலத்தை வந்தடைந்தது. முன்னதோ உரைமேல் உரை பெற்றது. வகைப்படுத்தும் திறமையை விட, தேர்ந்தெடுக்கும் நெஞ்சையே வாசகர்கள் தேடுகிறார்கள் என்பதற்கு இது சான்று.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அபூ தம்மாமின் சொந்தக் கவிதை அணிகள் செறிந்தது; எளிதில் பொருள் விளங்காதது. அவர் தேர்ந்தெடுத்த பாடல்களோ ஊற்று நீர் போல் இயல்பானவை. சொந்தக் கவிதையை விடத் தொகுப்பில்தான் அவர் பெருங்கவிஞராகத் தோன்றுகிறார் என்று கூறியவர்களும் உண்டு. தமக்கு ஒரு நடையும், பிறருக்கு வேறொரு நடையுமா?

இப்புதிரை அவிழ்த்தவர் கி.பி. 1030இல் மறைந்த உரையாசிரியர் மர்ஸூகீ. அபூ தம்மாம் தேர்ந்தெடுக்கும்போது நயம் ஒன்றையே பார்த்தார். தாம் பாடும்போது தம் ஆசை போன வழியே பாடினார் என்பது அவர் தரும் விளக்கம். ஆசைப்படுவது வேறு, நன்றென்று மதிப்பது வேறு என்பதற்கு அவர் துணிக்கடையை உவமை காட்டுகிறார். துணியின் தரம் அறிந்தவர், உயர்ந்ததென மதிக்காத ஒன்றை உடுத்திக்கொள்ள ஆசைப்படலாம்; உயர்ந்ததென மதிக்கும் ஒன்றை உடுத்த விரும்பாமலும் இருக்கலாம்.

ஜவுளி வணிகம் அறிந்த நம் குடும்பங்களுக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடையில் இருப்பவர் தம் உடம்புக்குப் பிடித்த துணியை மட்டுமே உயர்ந்ததென்று விற்க முனைந்தால் கடை நில்லாது. பிறருக்கு எடுத்துக்காட்டும்போது தரம் பார்க்கும் கண் வேண்டும். தனக்கென்று எடுக்கும்போது ஆசைக்கு இடமுண்டு. இரண்டும் ஆகுமானவை, ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்பதுதான் ஆகாது.

அதே மர்ஸூகீ, அபூ தம்மாமின் குறையையும் மறைக்கவில்லை. ஒரு நல்ல அடியில் ஒரு சொல் உறுத்தினால், அதனை அகற்றிவிட்டுத் தம் சொல்லை வைத்துவிடுவது அவர் வழக்கம் என்று எழுதிவைத்தார். விருந்து படைப்பவர் பிறர் வீட்டுப் பண்டத்தில் தாமே உப்பை மாற்றியிட்டு, இது அவர் வீட்டுச் சுவை என்று பரிமாறுவதைப் போன்றது இது. மாற்றிய சொல் மேலானதாகவே இருக்கலாம். ஆயினும் பாடியவர் உரிமை அங்கே பறிபோகிறது.

தமிழில் ஒரு நேர்ப்படி

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) அவர்களைத் தமிழில் இதற்கு இணையாக வைத்து எண்ணலாம். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' என்னும் அவையில், ஒரு பாட்டைப் பலமுறை சொல்லிச் சொல்லிக் கேட்போர் நாவில் சுவை ஊறச் செய்வார் என்பது பலரும் எழுதிய செய்தி. முத்தொள்ளாயிரம் என்னும் நூலைப் பொதுமக்கள் விரும்பிப் படிக்கச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பண்டிதர்களின் பூட்டைத் திறந்து பாட்டைப் பந்திக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஆனால் கம்பனிடம் வந்தபோது அவருடைய ரசனை நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டது. தம் செவிக்கு ஒவ்வாத செய்யுள்கள் பலவற்றைக் கம்பன் பாடியவையே அல்ல என ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். இடைச்செருகல் இல்லை என்று எவரும் கூறார். ஆனால் அதைத் தீர்மானிக்க ஏடுகளை ஒப்பிட வேண்டும். தனியொருவர் செவி அதற்குச் சாட்சியாகாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லியிருந்தால் அது அவர் உரிமை. 'கம்பன் பாடவில்லை' என்றதால் அது தீர்ப்பாயிற்று. உடும்பை உண்ணாமல் விடுவது ஒன்று, சஹனிலிருந்தே எடுத்தெறிவது வேறொன்று.

நாகூரில் பிறந்து உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயில் அவர்களும் (1921–2005) கம்பனிடம் பெருங்காதல் கொண்டவரே. தொழிலால் நீதிபதியான அவர், வாலி வதையை ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' எழுதியபோது, பாடல்களை முழுமையாக முன்வைத்து வாதம் செய்தார். காரணங்களை அறிந்த வாசகர் அவரோடு உடன்படலாம், மாறுபடவும் செய்யலாம். சமய எல்லை கடந்த ஒரு பிரியத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது இத்தகைய நேர்மை இன்னும் கூடுதலாக வேண்டப்படுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

நூறு பாட்டும் மூன்று பாட்டும்

ரசனை வேற்றுமை மிகக் கூர்மையாக வெளிப்படுவது இசையில்தான். இசை கேட்பது பற்றி ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைக்குள் இங்கே புகவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை மட்டும் பார்ப்போம். கலீஃபா ஹாரூன் ரஷீத், தம் அவைப் பாடகர்களான இப்ராஹீம் மௌஸிலீ, இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகியோரை அழைத்து, பாட்டுகளிலெல்லாம் சிறந்த நூறைத் தெரிந்தெடுக்கப் பணித்தார். பின்னர் அந்நூறிலிருந்து பத்து, பத்திலிருந்து மூன்று என்று சுருக்கச் செய்தார். கி.பி. 967 அளவில் மறைந்த அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானீ, இந்த நூறு பாட்டுகளைக் கருவாக வைத்தே 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை இயற்றினார். அச்சில் அது இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக விரிகிறது.

அரசர் மூன்றாகச் சுருக்கச் சொன்னதை அறிஞர் இருபது பாகங்களாக விரித்தார் என்பது கவனிக்கத் தக்கது. அந்த மூன்று பாட்டுகள் எவை என்பதிலேயே அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அபுல் ஃபரஜ் அவ்வேறுபாட்டை மறைக்காமல், யார் எதைக் கூறினார் என்று அறிவிப்பாளர் வரிசையோடு பதிவு செய்கிறார். பாடியவர் யார், இசையமைத்தவர் யார், தாளம் எது, எந்த விரல் எந்த நரம்பில் என்பனவற்றையும் குறித்துவைக்கிறார். இத்தனை குறித்தும் அந்த இசை இன்று நம் காதுக்கு எட்டவில்லை. சொற்களும் கதைகளுமே எஞ்சின. பகிர்ந்ததில் பாதி நின்றது, பாதி காற்றோடு போயிற்று.

நம் வீடுகளிலும் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். நாகூர் ஹனீஃபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரலே பாட்டு என்று கருதும் வாப்பா, மகன் கைப்பேசியில் கேட்கும் மெல்லிய குரலைப் பாட்டென்று ஒப்புவதில்லை. மகனோ வாப்பாவின் பிரியத்தைப் பழமை என்கிறான். இருவரும் தம் ஆசையைத் தரமென்று விற்கிறார்கள். 'இந்தக் குரலில் இன்ன இடம் என்னைத் தொடுகிறது. நீயும் கேள்' என்று வாப்பாவும், அவ்வாறே மகனும் சொல்லத் தொடங்கினால், அங்கே சச்சரவு ஒழிந்து மஜ்லிஸ் ஒன்று உருவாகும்.

பகிராதது அழியும்

பிடித்தது வேறு, சிறந்தது வேறு என்றதனால், ரசனையைப் பகிர்வதே தேவையற்றது என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. பெயர் தெரியாத ஒருவர் பல நூல்களிலிருந்து தமக்கு உகந்த செய்யுள்களை எடுத்துப் 'புறத்திரட்டு' எனத் தொகுத்தார். அதில் இடம்பெற்றமையால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பிழைத்தன.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம் இலக்கியங்களில் முழுமையாகக் கிடைப்பனவற்றுள் பழையது 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மஸாலா'. அதற்கும் முந்தியதாகக் கருதப்படுவது 'பல்சந்தமாலை'. அந்நூலில் இன்று நம் கையில் இருப்பவை எட்டே செய்யுள்கள். அவையும் நாம் பாதுகாத்தவை அல்ல. களவியற்காரிகை உரையாசிரியர், அகப்பொருள் துறைகளுக்கு மேற்கோளாக அவற்றை எடுத்தாண்டார். பிறர் நூலுக்கு உரை வகுக்க அமர்ந்த ஒருவர், தக்கதென்று கண்டு எடுத்துக்காட்டிய எட்டுப் பாடல்களே நம் பழைய கவிஞர் ஒருவர் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சி. அவர் தம் ஆசையைப் பார்க்கவில்லை, பொருத்தத்தைப் பார்த்தார். சொல்லை மாற்றி வைத்தாரா என்று ஐயுறவும் நமக்கு இடமில்லை, நன்றி கூறவே இடமுண்டு.

நம் வீட்டுப் பெண்மக்கள் மனப்பாடமாகச் சொல்லிவந்த தாலாட்டுகள், கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள் ஆகியவற்றின் நிலை இன்று என்ன? 'கண்ணி' வருகையில் குரல் எங்கே உயரும், எந்த நாளில் எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர்களோடு மெல்ல மெல்ல மறைந்து வருகின்றன. பிரியப்பட்டோர் இருந்தார்கள்; பிரியத்தை எழுதிவைத்தோர் மிகச் சிலரே. எழுதிவைக்க வேண்டுவது பெருநூலன்று. ஒரு குறிப்பேடும், பாட்டின் சொற்களை உள்ளபடியே எழுதும் ஒழுங்கும், யாரிடம் கேட்டது என்னும் ஒரு வரியும், ஏன் பிடித்தது என்னும் மற்றொரு வரியும் போதும். வேறு விதமாகப் பாடியோர் இருந்தால் அதையும் அருகிலேயே குறிக்க வேண்டும். அபுல் ஃபரஜ் செய்தது இதுவே.

சுரைக்காயின் மீது அனஸ் (ரலி) அவர்களுக்குப் பிரியம் ஏற்படுத்துமாறு எவரும் அவர்களிடம் வாதிக்கவில்லை. அன்புக்குரியவர் விரும்பி உண்டதைக் கண்டார்கள், அவ்வளவே. நம் பிரியங்களும் அவ்வாறு பிள்ளைகளின் கண்ணில் படும்படி இருக்கட்டும். அவற்றை உண்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். சஹனை அவர்கள் கைக்கு எட்டும்படி வைப்பது நம் கடமை.