இருட்டில் மொட்டுவிடும் கள்ளி

கனடாவின் பெரும்பகுதியில் டிசம்பர் வந்துவிட்டால் தோட்டத்தில் பூவென்று ஒன்று இருக்காது. அந்த நேரம் பார்த்து வீட்டு ஜன்னலோரத்தில் பூத்துக் குலுங்குகிறது கிறிஸ்துமஸ் கள்ளி. இதுவும் கள்ளிதான், ஆனால் பாலைவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவை அடுத்த ஈரமான மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வது இதன் இனம். அதனால் உச்சி வெயில் ஆகாது. மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் வேண்டும்.

பூக்க வைக்கும் சூட்சுமம் இருட்டில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து சுமார் 6 வாரம், தினமும் 13, 14 மணி நேரம் விளக்கு வெளிச்சமே படாத குளுமையான அறையில் வைக்க வேண்டும். பிறகு, இலை போலத் தட்டையான தண்டின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு மொட்டு தலைகாட்டும். வாரக்கணக்கில் மெல்ல நீண்டு, அடுக்கடுக்காக இதழ் விரிக்கும். அந்தச் சமயத்தில் ஹீட்டரின் சூடான காற்று பட்டாலோ, மண் வறண்டாலோ மொட்டுகள் உதிர்ந்துவிடும்.

ஒரு துண்டைக் கிள்ளி நட்டாலே வேர் பிடிக்கும். தாய்ச்செடியோ பல பத்தாண்டுகள் வாழும். பாட்டி வைத்த செடி பேத்தி வீட்டிலும் பூக்கிறது. பொழுது சீக்கிரமே சாயும் அந்த மாதங்களுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.