ராய் எல்ட்ரிட்ஜ் வெறும் பாலமா?

ஒரு கலைஞரின் தகுதியை அவருக்குப் பின் வந்தவரைக் கொண்டு அளப்பது முறையாகுமா? அமெரிக்க ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜைப் பெரும்பாலும் 'பாலம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். தனி வாசிப்பை உயர்கலையாக்கிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு கரை. 1940களில் 'பீபாப்' என்னும் புதுப்பாணியை உருவாக்கியவர்களுள் ஒருவரான டிஸ்ஸி கில்லெஸ்பி மறுகரை. இவர்களை இணைத்தவர் எல்ட்ரிட்ஜ் என்பர். கூற்றில் உண்மை உண்டு, நீதிதான் குறைவு. பாலத்தில் நடப்போர் அக்கரையையே நோக்குவர். கால் பதிந்த இடத்தைக் காண்பதில்லை.

1911இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த எல்ட்ரிட்ஜ் உருவத்தில் சிறியவர். 'லிட்டில் ஜாஸ்' என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். இளமையில் அவர் தம் கருவிக்கு ஆசானாகக் கொண்டது சாக்சபோனை. பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் 1926ஆம் ஆண்டு இசைத்தட்டான 'தி ஸ்டாம்பீட்' என்பதில் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்சபோனில் வாசித்த பகுதியை அப்படியே டிரம்பெட்டில் வாசிக்கப் பழகினார். இது எளிதன்று. சாக்சபோனில் விரல்கள் ஓடப் பல விசைகள் உள்ளன; டிரம்பெட்டிலோ மூன்றே வால்வுகள். மற்றவை யாவும் உதடும் மூச்சும் செய்ய வேண்டியவை. அவ்வுழைப்பால் டிரம்பெட்டுக்கு அதுவரை அரிதாயிருந்த விரைவும் நெளிவும் அவருக்குக் கைவந்தன.

ஆனால் விரைவு மட்டுமே இசையாகிவிடாது. 1932இல் நியூயார்க்கில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாசிப்பை நேரில் கேட்டபோதுதான், தனி வாசிப்பு ஒரு கதைபோல் படிப்படியாய் வளர்ந்து உச்சம் எய்த வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1937இல் தம் குழுவுடன் பதிவு செய்த 'ஹெக்லர்ஸ் ஹாப்' இவ்விரு பாடங்களும் ஒன்றானதைக் காட்டுகிறது. உச்ச சுரங்களில் அவர் ஒலியில் ஒரு கரகரப்பு ஏறுகிறது. அதனைக் குறை என்பாரும் உளர். உணர்ச்சி மிகும்போது மனிதக் குரல் தழுதழுப்பதைக் கேட்டறிந்த நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

1941இல் வெள்ளையரான ஜீன் குருபாவின் குழுவில் சேர்ந்தார். வெள்ளையர் குழுவொன்றில் நிரந்தர இடம் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர்கள் சிலருள் அவரும் ஒருவர். அவ்வாண்டு வெளிவந்த 'ராக்கின் சேர்' மெதுநடைப் பாடலிலும் அவர் ஆழம் காணக்கூடியவர் என்பதற்குச் சான்று. எனினும் பயணங்களில் உணவகங்களும் விடுதிகளும் அவருக்குக் கதவடைத்தன. பின்னர் 1944-45இல் ஆர்ட்டி ஷாவின் குழுவில் இருந்தபோது, தம் பெயர் வெளியே எழுதப்பட்டிருந்த அரங்கின் வாயிலிலேயே தடுக்கப்பட்டதையும், உள்ளே சென்றபின் கண்ணீர் வழிய வாசித்ததையும் அவரே கூறியுள்ளார்.

இதனை அறிந்தபின் அவர்தம் கரகரப்பையெல்லாம் கண்ணீராகக் கேட்கும் ஆசை நமக்கு எழுவது இயல்பே. அவ்வாறு கேட்பது அவருக்கு மற்றோர் அநீதி. அவ்வொலி 1937இலேயே முழுமை பெற்றிருந்தது. அவமதிப்பு அக்கலையை உருவாக்கவில்லை. உருவான கலையைக் காக்கும் சுமையையே அவர்மேல் ஏற்றியது.

கில்லெஸ்பி தம் இளமையில் எல்ட்ரிட்ஜின் வாசிப்பைப் பின்பற்றியே பயின்றார். எல்ட்ரிட்ஜ் முன்பு வாசித்த டெடி ஹில் குழுவில் 1937இல் இடமும் பெற்றார். பின்னர் மாணவரின் புதுப்பாணி ஓங்கியபோது ஆசிரியர் தம் வழி பழையதாகிவிட்டதோ எனக் கலங்கினார். 1950இல் பென்னி குட்மேனுடன் ஐரோப்பா சென்று பாரிசில் தங்கிய காலம், தம் வழியிலேயே நிற்கும் துணிவை அவருக்கு மீட்டுத் தந்தது. 1954இல் இருவரும் சேர்ந்து செய்த பதிவுகளைக் கேட்போர் இரு தனிக் குரல்களையே கேட்பர்.

1980இல் இதயநோய் அவரது டிரம்பெட்டை நிறுத்தியது, 1989இல் மறைந்தார். அவர் வழியே பிறர் கடந்தது உண்மைதான். ஆயினும் தம்மளவில் சென்று சேர்வதற்குரிய ஓர் இடமாக அவர் நின்றார் என்பதே எமது துணிபு.